ஓட்டமா, சைக்கிளா... எதற்கு உழைப்பு அதிகம்?

குட்டீஸ், உங்களுக்கு ஒரு புதிர்! அண்ணன் சைக்கிளில் 5 கி.மீ. போய் வந்தான். தங்கை மைதானத்தில் 2 கி.மீ. ஓடினாள். உடம்புக்கு அதிக வேலை கொடுத்தது யார்? 'அண்ணன்' என்றுதானே சொல்ல வந்தீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உங்கள் முழு எடையையும் கால்கள் மேலே உந்தித் தள்ள வேண்டும். பாதம் தரையில் படும்போது, உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசையைத் தாங்கவும் வேண்டும். சைக்கிளிலோ, பெரும்பகுதி எடையை சீட் சுமந்து கொள்ளும். மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி சிறிது தூரம் உருளும். ஓட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது!

அதனால், சமதரையில் சாதாரண வேகத்தில் போகும்போது, 1 கி.மீ. ஓட ஆகும் சக்தியில் சைக்கிளில் ஏறக்குறைய 3 கி.மீ. போய்விடலாம். இப்போது கணக்குப் போடுங்கள். தங்கை ஓடிய 2 கி.மீ., சைக்கிளில் 6 கி.மீ.க்குச் சமம். ஜெயித்தது தங்கைதான்!

பெரிய வீரர்களின் கதையும் இதுதான். 2020இல் பிரிட்டன் வீரர் மோ ஃபரா, ஒரு மணி நேரத்தில் 21.330 கி.மீ. ஓடி உலக சாதனை படைத்தார். 2022இல் இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா, ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. சைக்கிள் ஓட்டி உலக சாதனை படைத்தார். இருவரும் முழுமூச்சாக உழைத்தவர்களே. தூரம் மட்டும் இரண்டரை மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

சைக்கிளுக்கும் ஓர் எதிரி உண்டு. அது காற்று! வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். அதனால், வேகமாக மிதித்தால் சைக்கிளிலும் வியர்த்துக் கொட்டும்.

அப்படியானால் உழைப்பை எப்படி அளப்பது? உங்கள் மூச்சைக் கேளுங்கள்! பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தர உழைப்பு. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு. ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் இதே அளவுகோல்தான்.

ஓட்டம் எலும்புகளை வலுவாக்கும். சைக்கிள் மூட்டுகளுக்கு இதமாக இருக்கும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடங்கள் இப்படி மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே, குறைந்த தூரம் ஓடி வந்த நண்பனைப் பார்த்து, 'இவ்வளவுதானா?' என்று கேலி செய்யாதீர்கள். உங்கள் சைக்கிள் தூரத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். அவன் உங்களை முந்தியிருக்கலாம்!