பழையதும் பரிசாகும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் நமக்கும் பண்டிகைக் களை வந்துவிடுகிறது. வங்காளிகள் 'பொரோதின்' என்று சொல்லும் கிறிஸ்துமஸுக்கு பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளைப் பார்க்கப் போகாத தமிழ்க் குடும்பம் நம்மில் குறைவு. கூடவே, யாருக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற கவலையும் வந்துவிடும்.

பழைய பொருளையும் பரிசாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. "பழையதையா? உறவுக்காரர்களுக்கா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

என் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா தம் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை விற்றார் என்பதை அம்மா சொல்லித்தான் பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்று அவர் எங்களோடு வந்து தங்கிய முதல் கிறிஸ்துமஸுக்கு அதே போல் ஒன்று வாங்கித் தர ஆசைப்பட்டேன். ஒரு கடையில் பளபளவென்று சிவப்பு முகப்போடு கிடைத்தது. அப்பா அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "உள்ளே இருக்கது நல்ல மிஷின்தாம்மா. முகத்துக்குத்தான் சாயம் பூசியிருக்கான்லா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பின் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கைக்கடிகாரம்: ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதன்பின் பழையவற்றுக்குக் கிராக்கி கூடியது. முகப்புக்குப் புது வர்ணம் அடித்து விற்பவர்களும் பெருகினார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம், மங்கலான அல்லது கோணலான எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். முழுச் சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிட்டு, நேரம் எவ்வளவு பிசகுகிறது என்று கவனியுங்கள். கடைவீதிக் கடையைவிட, வயதான கடிகார ரிப்பேர்க்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

இசைத்தட்டு: ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்று நாம் இன்றும் சொல்லும் மிர்சா காலிப் தெரு பழைய இசைத்தட்டுகளுக்குப் பெயர் போனது. 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. கீழே விழுந்தால் உடையும். அதன் வரிப்பள்ளம் அகலமானது. 33 சுற்று எல்.பி.க்கான மெல்லிய ஊசி அதற்குப் பொருந்தாது. ஆகவே பரிசு பெறுபவர் வீட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் தெரியும்.

புத்தகம்: காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா, பூச்சி அரித்திருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரரின் கையெழுத்து இருந்தால் அழிக்க வேண்டாம். அதன் கீழே உங்கள் வாழ்த்தை எழுதுங்கள்.

பாத்திரம்: பழைய பித்தளைப் பாத்திரம் அழகுதான். ஆனால் உள்ளே ஈயம் பூசாமல் அதில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது. ஈயம் பூசிக் கொடுங்கள். இல்லையேல் பூ வைக்க மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. வர்ணம் பூசிய பழைய பொம்மைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அவை வாயில் வைப்பவை. வீட்டு வர்ணங்களில் காரீயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். யானைத் தந்தப் பொருள் எவ்வளவு பழையதானாலும் தொட வேண்டாம். அதன் வியாபாரம் சட்டவிரோதம். 100 ஆண்டுகளைக் கடந்த சிற்பம், ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு நாமாக அனுப்ப முடியாது.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் தங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். ஊரை விட்டு வந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய ஒரு செம்போ, தாத்தாவின் பேனாவோ இருக்கும். அதைத் துடைத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி, உங்கள் மகளுக்கோ மகனுக்கோ கொடுங்கள். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெயராக மட்டும் நின்றுவிடாமல் இருக்க அது உதவும். எழுதி வைக்காவிட்டால், நமக்குப் பிறகு அது வெறும் பழைய பாத்திரம்தான்.

அப்பாவின் கதையை முடிக்கவில்லையே! லேக் மார்க்கெட் பக்கத்து ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் வெள்ளை முகப்புள்ள நல்ல ஜனதா ஒன்று கிடைத்தது. மறு வருஷம் அதைக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டு ஆராதனைக்குப் புறப்பட்டார். இப்போதும் தினமும் காலையில் காபி குடித்ததும் அதற்குச் சாவி கொடுக்கிறார். சிவப்புக் கடிகாரத்தை என் மகன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நல்வாழ்த்துகள்.