கசந்த அன்னாசிப் பாலும் பால்காரரும்

தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்கு மிக்ஸி வந்த புதுசு. அம்மா மத்தியானமே அன்னாசியைப் பாலோடு அடித்து மில்க்‌ஷேக் செய்து வைத்திருந்தார். ஸ்கூல் விட்டு வந்து ஒரு வாய் குடித்தேன், ஒரே கசப்பு. பால்தான் கெட்டது என்று மறுநாள் பால்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் அம்மா. மனுஷன் பதில் பேசாமல் ஒரு ஆழாக்கு கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

பால் மேல் தப்பே இல்லை. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் வேலை. (நிறையத் தின்றால் நாக்கு எரிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு.) பாலிலுள்ள கேசீன் புரதத்தை அது துண்டாக்கும்போது உண்டாகும் சில பெப்டைடுகள் கசக்கும். நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். அடித்த உடனே குடித்திருந்தால் அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

நன்றாகச் சூடுபட்டால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லாதது அதனால்தான். போன ஞாயிறு இரண்டு டம்ளரில் போட்டுப் பார்த்தேன். பச்சைப் பழம் போட்ட பால் இரண்டு மணி நேரத்தில் கசந்தது. வேகவைத்த பழம் போட்டது கசக்கவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்த ஆழாக்குக்காவது காசு குடுத்திருக்கலாம்டா" என்றார்.