எல்லா விளக்கும் ஒரே சீராக எரிய...

சரக்கு கண்ணில் பட்டால்தான் கல்லாவில் காசு விழும். செங்கல்பட்டு கடைத்தெருவில் மளிகை நடத்துபவருக்கும், 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பங்களை விற்பவருக்கும் இது பொது விதி. ஆனால் பல கடைகளில் முன்வரிசை விளக்கு பளிச்சென்றும், கோடியில் உள்ளது மங்கியும் எரிகிறது. 'கரண்ட் வீக்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கோளாறு பல சமயம் நம் கடை வயரிங்கிலேயே இருக்கிறது.

விளக்குகளை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொடர் இணைப்பு. பண்டிகைக்கு நாம் விற்கும் பழைய சீரியல் செட் இந்த வகைதான். 6 வோல்ட் பல்பு 38-ஐ வரிசையாகக் கோத்தால் 230 வோல்ட் அவற்றுக்குள் பங்காகிறது. ஒன்று போனால் அந்த வரிசை முழுவதும் அணையும். போன பல்பை நீக்கிவிட்டு வயரை முறுக்கிவிட்டால் மற்றவற்றுக்கு வோல்ட் கூடி, அவையும் சீக்கிரம் போய்விடும். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளை இப்படிக் கோத்தால் 40 வாட்தான் அதிகம் எரியும்!

கடைக்கு ஏற்றது இணை இணைப்பு, அதாவது பாரலல். ஒவ்வொரு விளக்குக்கும் ஃபேஸும் நியூட்ரலும் தனித்தனியே செல்வதால் எல்லாவற்றுக்கும் 230 வோல்ட் கிடைக்கும். ஒன்று போனாலும் மற்றவை எரியும்.

பாரலலாக இருந்தும் கோடி விளக்கு மங்குவானேன்? வயரே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. ஷோகேஸில் ஒட்டும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையில் இது நன்றாகத் தெரியும். 60 வாட் பட்டைக்கு 5 ஆம்பியர் வேண்டும். அடாப்டரிலிருந்து 10 மீட்டர் தூரம் 1 ஸ்கொயர் செம்பு வயர் இழுத்தால், போக வர ஏறக்குறைய 1.8 வோல்ட் குறையும். 12-இல் இது 15 சதவீதம். அதே 60 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுசென்றால் 0.1 வோல்ட்கூடக் குறையாது. ஆகவே அடாப்டரைப் பட்டைக்கு அருகிலேயே வையுங்கள். 5 மீட்டர் பட்டைகளை ஒன்றன் வாலில் ஒன்றாக ஒட்டாமல், ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கொடுங்கள்.

கடலோரக் கடைகளுக்கு இன்னொரு சங்கடம் உப்புக்காற்று. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டில் செம்பு பச்சை பூத்துவிடும். விளக்கு மங்குவதோடு ஜாயிண்டும் சூடேறும். பக்கத்தில் சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஜாயிண்டுகளை மூடிய பெட்டிக்குள் திருகு கனெக்டரில் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மெயினை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சர்க்யூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் ஏற்றாதிருப்பது வயரிங் வேலையில் நெடுநாள் வழக்கம். மங்கும் விளக்கு ஓர் எச்சரிக்கை. பல்பை மாற்றுவதற்கு முன் ஜாயிண்டைப் பாருங்கள்.