பூனை இறந்த வீட்டில்...

சம்பா அறுவடை முடிந்த கையோடு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். உளுந்துக்கு 2 சதவிகித டி.ஏ.பி. கரைசலை எப்போது தெளிப்பது, விதைநெல்லில் வண்டு விழாமல் எப்படி வைப்பது, வைக்கோல் போரில் எலி புகுந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இந்த முறை அவற்றுக்கு நடுவே கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தார்.

நெல் மூட்டைகளை வீட்டில் அடுக்கியதும் எலித்தொல்லை தாங்கவில்லையாம். அவருடைய கணவர் கடையில் எலி கேக் வாங்கிவந்து கொல்லையிலும் வரப்பிலும் வைத்திருக்கிறார். எலி குறைந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஏழு வருடமாக அந்த வீட்டில் வளர்ந்த பூனை மூக்கில் ரத்தம் கசிய, மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்குள் செத்துக் கிடந்தது. பள்ளியில் படிக்கும் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாமியார், "மாடு செத்துருந்தாக்கூட இப்புடி அழுவ மாட்ட போலருக்கு" என்கிறார். வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுபோய் ஒரு வாரம் ஆகிறது. கடைசி வரியில், "பயிருக்கு மருந்து சொல்றீங்க, இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா சார்?" என்று கேட்டிருந்தார்.

இது பயிர்ப் பக்கத்துக்கு வரவேண்டிய கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். எலிமருந்து என் துறை. அதனால் செத்த பூனையும், அந்தப் பூனைக்காக அழும் வீடும் எனக்குச் சம்பந்தமில்லாதவை ஆகிவிடாது.

முதலில் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். மாடு செத்தால் ஊரே வந்து விசாரிக்கும். கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்வார். காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுப்பார். மாட்டுக்கு ஒரு பொங்கலே இருக்கிறது. பூனைக்கு இதெல்லாம் எதுவும் கிடையாது. அது செத்தால் போய்ச் சொல்ல ஆளில்லை, எழுதிவைக்கத் தாளில்லை. குறுக்கே போனால் சகுனத்தடை என்ற பேர் மட்டும் உண்டு. அதனால்தான் பூனையை இழந்தவர்கள் யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் அழுகிறார்கள். மாட்டின் விலை தெரியும்; அந்த இழப்பை ரூபாயில் சொல்லலாம். பூனையின் இழப்பைச் சொல்ல நம்மிடம் கணக்கு இல்லை, அவ்வளவுதான். விடியற்காலையில் அடுப்படிக்குப் போகும்போது காலைச் சுற்றிவரும் ஒன்று ஏழு வருடம் கழித்து இல்லாமல் போனால் வீட்டின் நடையே மாறிப்போகும்.

இன்னொன்றையும் உழவர் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பூனை மனிதரிடம் வந்துசேர்ந்ததே தானியத்தால்தான். மேற்கு ஆசியாவில் மக்கள் விதைத்து அறுத்துச் சேர்த்துவைக்கத் தொடங்கியதும் தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில், மனித எலும்புக்கூட்டுக்கு அரை மீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஒரு பூனையின் எலும்புக்கூடு முழுதாகக் கிடைத்தது. 2004-ல் அந்த ஆய்வு வெளியானது. அந்தத் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள், இறந்தபின் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். பழைய எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டிலிருப்பவர்கள் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். புருவத்தை மழிக்கச் சொல்லவில்லை, நாலு நாள் அழ விட்டால் போதும்.

மருந்து வைத்தவர் மேல் கோபம்

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். அந்த எலி கேக்கில் இருப்பது பெரும்பாலும் 0.005 சதவிகித புரோமோடையலான். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் 'கே' வேண்டும். இந்த மருந்து அதை உடல் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் சோர்ந்து தடுமாறித் திரியும். அப்படிப்பட்ட எலியைப் பிடிப்பது பூனைக்கு மிகச் சுலபம். ஒன்றைத் தின்று தப்பிக்கலாம், நாலைந்து தின்றால் மருந்து உடம்பில் சேர்ந்துவிடும். அதன்பிறகும் சில நாள் வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகுதான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூக்கிலும் மலத்திலும் ரத்தம் வரும். மருந்து வைத்த நாளும் பூனை செத்த நாளும் இவ்வளவு தள்ளி இருப்பதால், வைத்தவருக்கே இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. உங்கள் கணவர் மூட்டையைக் காப்பாற்ற மருந்து வைத்தார். பூனை கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தபோது அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை.

பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து ஆண்கள் குற்ற உணர்ச்சி வந்தால் பேச மாட்டார்கள், வரப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவரிடம் மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள், ஒரு வேலை சொல்லுங்கள். வைத்த மருந்தில் மீதி இன்னும் கொல்லையில் கிடக்கும். செத்த எலிகளும் கிடக்கும். அவற்றைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்னும், நாய் தின்னும், நமக்கு எலி பிடித்துத் தரும் ஆந்தையும் தின்னும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலையில் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு மருந்தையும் எலிகளையும் பொறுக்கியெடுங்கள். கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். வேலை எப்படியும் செய்தாக வேண்டியது. அந்த நேரத்தில் பேச்சு தானாக வரலாம், வராவிட்டாலும் இன்னொரு உயிர் பிழைக்கும்.

பிரிக்காத பாக்கெட் மீதி இருந்தால் பூட்டிய இடத்தில் வையுங்கள். துக்கமும் சண்டையும் உள்ள வீட்டில் எலிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. இதை நான் எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன். அழுகை வாரங்கள் கடந்தும் குறையாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள். பூனைக்காகவா என்று கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்து சோர்வாகத் தெரிந்தால் மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். புரோமோடையலானுக்கு வைட்டமின் 'கே1' மாற்று மருந்தாக இருக்கிறது. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். கறுப்புத் தூளாக வரும் சிங்க் பாஸ்பைடுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயு உண்டாகி மணிக்கணக்கில் கொன்றுவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது, பால் புகட்டுவது போன்ற கைவைத்தியம் எதற்கும் வேண்டாம்.

எலிமருந்து அளவுக்குப் பூனைகளைக் கொல்லும் இன்னொன்று நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. காய்ச்சல் என்று பாரசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

"எங்கயோ ஓடிப்போயிடுச்சு, வந்துடும்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளை தினமும் வாசலில் தட்டு வைத்துக் காத்திருக்கும். செத்துவிட்டது, இனி வராது, இன்ன காரணம் என்று நேராகச் சொல்லலாம். அப்பாதான் கொன்றார் என்று மட்டும் பிள்ளை காதில் விழவேண்டாம். எலிக்கு வைத்த மருந்து எலி மூலமாகப் பூனைக்குப் போய்விட்டது என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். புதைக்கும்போது உடன் இருக்க விரும்பினால் இருக்கட்டும்.

புதைக்கும் குழி மூன்றடி ஆழமாவது இருக்கட்டும். சுண்ணாம்பு தூவி மண் தள்ளி, நாய் தோண்டாமல் மேலே கருவேல முள்ளைப் போட்டு வையுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ தூக்கிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது வேண்டாம். மேலே செடி நட ஆசைப்பட்டால் கீரை, காய்கறி வேண்டாம், செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வைக்கலாம். ஒரு எச்சரிக்கை. இறப்பதற்கு முந்தைய பத்து நாட்களுக்குள் பூனை யாரையாவது கடித்தோ பிராண்டியோ இருந்தால், காரணம் எலிமருந்துதான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பூனைக்கும் வெறிநோய் வரும்.

சில வீடுகளில் புதைக்க உடல்கூடக் கிடைப்பதில்லை. உடம்பு முடியாத பூனை இருட்டான, யாரும் வராத இடத்தைத் தேடிப் பதுங்கும். அதனால்தான் பூனை வீட்டில் சாகாது என்ற பேச்சு வந்தது. வீட்டாரின் மேல் கோபித்துக்கொண்டு போனதாக நினைக்க வேண்டாம். வைக்கோல் போர், பம்புசெட் கொட்டகை, பரண் எல்லாம் ஒரு முறை தேடிவிடுங்கள். தேடினோம் என்று இருப்பது ஒரு ஆறுதல். எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதுப் பூனை மூப்பில் போனது. நாங்கள் பார்த்துத்தான் புதைத்தோம். அப்படியும் என் மனைவி ஒரு மாதம் வரை மீன் ஆயும்போது தலையைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். கை மறக்க நாளாகும்.

கூட வளர்ந்த பூனை இருந்தால் அதையும் கவனியுங்கள். செத்த பூனை படுத்த இடங்களில் தேடும், கத்தும், சாப்பாட்டைக் குறைக்கும். இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து நோய் வந்துவிடும்.

அடுத்த குட்டி எப்போது?

மகளைச் சமாதானப்படுத்த அடுத்த நாளே குட்டி கொண்டுவருவதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய பூனையின் வேலையை அது செய்யவில்லை என்று புதுக்குட்டி மேல் எரிச்சல் வரும். ஐந்தாறு மாதம் ஆகாமல் அது உருப்படியாக எலி பிடிக்காது. குட்டியை மகளே கேட்கும்வரை பொறுத்திருங்கள். அதற்குமுன் கொல்லையில் மருந்து ஒரு துண்டுகூட இல்லை என்பது உறுதியாக வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது பூனை வாந்தி, பேதியில் செத்திருந்தால் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். அந்த வைரஸ் பூனை படுத்த சாக்கிலும் தரையிலும் ஒரு வருடம்வரை உயிரோடிருக்கும். சாக்கை எரித்துவிட்டுத் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். புதுக்குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல், தடுப்பூசி போட்டபிறகே அந்த வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முதல் ஊசியோடு விடாமல், பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.

அதுவரை எலிக்கு என்ன செய்வது? மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். வீட்டுக்குள் கூண்டுப்பொறி போதும். வயலில் வரப்பைச் சிறிதாக்கினால் எலி வளை தோண்ட இடமிருக்காது. ஆந்தை உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நட்டுவையுங்கள். உங்கள் பக்கத்தில் மூங்கிலில் தஞ்சாவூர்க் கிட்டி கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாயங்காலம் வைத்துவிட்டு விடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதில் செத்த எலியைப் பூனை தின்றாலும் ஒன்றும் ஆகாது.