சின்னத் துவக்கு ஏன் பலமாக உதைக்கிறது?

கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கும் வெள்ளவத்தை வர்த்தகர் ஒருவர், "சின்னதாய், பாரமில்லாததாய் இருந்தால் போதும்" என்றுதான் நினைப்பார். பௌதிகம் அவருக்கு எதிராக நிற்கிறது.

தோணியிலிருந்து கரைக்குத் தாவினால் தோணி பின்னே நகருமல்லவா? அப்படித்தான் துவக்கின் உதைப்பும். 9 மி.மீ. குண்டின் நிறை ஏறத்தாழ 8 கிராம், வேகம் செக்கனுக்கு 360 மீற்றர் அளவு. வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டாலும், ஒரு கிலோ துவக்கு செக்கனுக்குச் சுமார் 3 மீற்றர் வேகத்தில் பின்னே வரும். அதுவே அரைக் கிலோ என்றால் வேகம் இரட்டிப்பு. கை தாங்கவேண்டிய சக்தியும் இரட்டிப்பு. குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் முனை எகிறி மணிக்கட்டைத் திருப்பும். அடுத்த சூடு குறி தவறும். சுவரோடு சுவர் ஒட்டிய கொட்டாஞ்சேனை வீடுகளில், தவறிய குண்டு பலகைத் தடுப்பைத் துளைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தேடிப் போகலாம்.

இலங்கையில் துவக்கை அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பதே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

இலக்குச் சுடுதலில் ஆசையா? 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி ஒலிம்பிக்கிலேயே உண்டு. அதன் 4.5 மி.மீ. குண்டு அரைக் கிராமளவுதான். உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். கழகமொன்றில், பயிற்றுநர் முன்னிலையில் அதில் தொடங்குங்கள். வீட்டுக்குத் துவக்கு வேண்டாம்.