பிஸ்டனில் ஓட்டை விழுமுன்

பழைய வெஸ்பா ஸ்கூட்டருக்குப் பெரிய சிலிண்டர் பூட்டுபவர்கள் பலர் பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் கவனிப்பதில்லை. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னரே பொறி விழவேண்டும். அளவுக்கு மீறி முந்தினால் வெப்பம் கூடி பிஸ்டன் ஓட்டையாகிவிடும். பி.எக்ஸ் 200 இன் தொழிற்சாலை அளவு 23 பாகை. வலுக்கூட்டிய இஞ்சின்களில் அதை 17, 18 பாகைக்குக் குறைப்பது வழக்கம்.

சரிபார்க்க, முதலில் பிஸ்டனின் உச்சப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாகை அளந்து பிளைவீலிலும் இஞ்சின் உடலிலும் குறியிடுங்கள். ஓடும் இஞ்சினில் ஸ்ட்ரோப் விளக்கை அடித்தால் பிளைவீல் குறி அசையாது நிற்பதுபோல் தெரியும். இரு குறிகளும் நேர்கோட்டில் இல்லையா? இஞ்சினை நிறுத்தி, பிளைவீலைக் கழற்றி, ஸ்டேற்றர் தட்டின் திருகுகளைத் தளர்த்துங்கள். தட்டை வலஞ்சுழியாகத் திருப்பினால் பொறி பிந்தும். இடஞ்சுழியாகத் திருப்பினால் முந்தும். இறுக்கியபின் மீண்டும் விளக்கடித்துப் பாருங்கள். தட்டில் தொழிற்சாலை இட்ட குறியை மட்டும் நம்பினால், புதுச் சிலிண்டருக்குக் கொடுத்த காசு கரியாகிவிடும்.