திருமலையில் பொங்கிப் பொழிபவை: தெரியுமா?

மழையும் பொழியும், அன்பும் பொழியும். வெள்ளமும் பெருகும், களிப்பும் பெருகும். நீருக்கும் நெஞ்சுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறது நம் தமிழ். இரண்டும் சேர்ந்து பொங்கும் ஊர் ஒன்று உண்டு. அதுதான் திருகோணமலை, சுருக்கமாகத் திருமலை!

மலைநாட்டு மழை இங்கே கடலில் விழுவது தெரியுமா?
இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி. 335 கிலோமீற்றர்! மத்திய மலைநாட்டில் பிறந்து, கண்டியை வளைத்து ஓடி, தீவின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீரைத் திரட்டிக்கொண்டு, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது.

கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பது தெரியுமா?
திருகோணமலைக் கரையை ஒட்டியே தொடங்கி 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது அது! ஆழம் இவ்வளவு அருகில் இருப்பதால் நீலத் திமிங்கிலங்களும் கரைக்கு அருகில் வருகின்றன. 1983இல் 'துலிப்' என்ற படகில் வந்த ஆய்வாளர்கள் அவற்றைப் பதிவு செய்தார்கள். திமிங்கிலம் விடும் மூச்சு 9 மீற்றர் உயரத்துக்குப் பீறிடும்!

கடல் தாண்டிப் பொழிந்த பாட்டு தெரியுமா?
7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வூர்ச் சிவனான கோணேசர்மேல் பதிகம் பாடினார். எங்கிருந்து? இராமேசுவரத்திலிருந்தே என்கிறது பெரியபுராணம்! சந்தனமும் அகிலும் முத்தும் அலையோடு வந்து ஒதுங்கும் ஊராகக் கோணமலையைக் காட்டுகிறார். காணாத கரையின்மேல் எத்தனை காதல்!

கோயிலே கடலுக்குள் போனது தெரியுமா?
1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கற்கள் அவர்கள் கட்டிய கோட்டைக்குப் போயின, கடலுக்குள்ளும் விழுந்தன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தபோது செதுக்கிய தூண்கள் கடலடியில் கிடந்தன! அடியார்கள் சோரவில்லை. மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு!

ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு, தெரியுமா?
நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். வாளியால் அள்ளி முழுகலாம். ஒன்றின் சூடு மற்றதில் இராது! எரிமலை எதுவும் இல்லை. பாறை வெடிப்புகளில் ஆழத்துக்கு இறங்கிய மழைநீர், பூமியின் வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. ஊர் சொல்லும் கதையோ வேறு: தாயின் ஈமக்கடனுக்கு நீர் தேடிய இராவணன் நிலத்தை ஏழு இடத்தில் குத்த, ஏழு ஊற்றுகள் பிறந்தனவாம். அதனால்தான் திருமலைச் சைவர்கள் மறைந்த பெற்றோருக்கான அந்தியேட்டிக் கிரியையை இங்கே வந்து செய்துவந்திருக்கிறார்கள். மகனின் துக்கத்துக்கு மண்ணே தண்ணீர் வார்த்த இடமல்லவா இது!